அக்காவும் ரூமஸ்ஸலக் கடலும்

என் அக்கா கடலைப் பார்த்ததில்லை என்ற விடயம் எனக்கு 54ஆவது வயதில்தான் தெரியவந்தது. கடந்த ஆண்டு, 2025 தைப்பொங்கலுக்கு இறக்குவானைப் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்துக்குப் போயிருந்தேன். லயத்து வீட்டின் முன்னறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு படத்தில் கதாநாயகன் கரையோரமாக நின்று உரக்கப் பேசிக்கொண்டிருந்தான். பின்னால் அலைகள் இரைந்தன. பொங்கல் பானையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்: "ஏன் தம்பி, கடலு நெசமாவே இப்புடித்தான் சத்தம் போடுமா?"

நான் சிரித்தேன். பிறகுதான் அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை என்பது உறைத்தது.

அக்காவுக்கு அப்போது 62 வயது. பதினெட்டு வயதில் பேர்ப் பதிந்து, 38 ஆண்டுகள் இறப்பர் பால் வெட்டியவள். கதிர்காமத்துக்கு நான்கைந்து தடவைகள் போயிருக்கிறாள்; ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து எம்பிலிப்பிட்டிய, தணமல்வில வழியாகக் கதிர்காமம் போகும் பாதை கடலைத் தொடுவதில்லை. கொழும்புக்கு இரண்டு தடவைகள் வந்திருக்கிறாள். ஒரு தடவை என் திருமணத்துக்கு, மறு தடவை கண் சத்திரசிகிச்சைக்கு. இரண்டு முறையும் வந்த வேனிலேயே திரும்பிவிட்டாள். நான் பத்து ஆண்டுகளுக்கு மேலாக வெள்ளவத்தையில் குடியிருக்கிறேன். எங்கள் ஒழுங்கையின் முடிவில் ரயில் பாதை. அதைக் கடந்தால் கடல். அந்த வீட்டுக்கு அக்கா ஒரு நாளும் வந்ததில்லை என்று எழுத நினைத்தேன். நான் அழைத்ததில்லை என்று எழுதுவதே சரி.

ஒரு தீவில் பிறந்து, தீவிலேயே பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்ட ஒருத்தி கடலைக் காணாதிருப்பது வெளியூர் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். சப்ரகமுவத் தோட்டங்களைத் தெரிந்தவர்களுக்கு அதில் வியப்பு இராது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் இரண்டுக்கும் கடற்கரை இல்லை. ஆனாலும் தூரம் அதிகமில்லை. சிவனொளிபாத மலையில் ஊற்றெடுத்து இரத்தினபுரியைச் சுற்றி ஓடும் களு கங்கை களுத்துறையில் கடலில் கலக்கிறது. ஒரு காலத்தில் பாதைப் படகுகள் அந்த ஆற்றின் வழியே இரத்தினபுரியிலிருந்து களுத்துறை வரைக்கும் சரக்கு ஏற்றிப் போயின. அரிசியும் துணியும் கருவாடும் அதே வழியாக மேலே வந்தன. சரக்குகள் போய்வந்த வழியில் ஆட்கள் போய்வரவில்லை, அவ்வளவுதான். காலை ஐந்தரைக்குப் பெரட்டு, மாலையில் விறகு, ஞாயிறு என்றால் சந்தை. இதற்கிடையில் கடலைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்புகிறவளைத் தோட்டம் பைத்தியம் என்றிருக்கும்.

எங்கள் பாட்டனார் கடலைக் கடந்து வந்தவர். மண்டபம் முகாமில் இருத்திவைத்து, மருந்து தெளித்து, கையில் தகட்டைக் கட்டி, தனுஷ்கோடியில் கப்பலேற்றினார்கள் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் வெட்டவந்த இறப்பர் மரமும் கடல் கடந்து வந்ததுதான். பிரேசிலில் திரட்டிய விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்டு, 1876இல் இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவான கன்றுகளாக இலங்கைக்கு வந்தன. கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடவில் அவற்றை நட்டார்கள். மரமும் மனிதரும் கடல்வழி வந்து மலையடிவாரத்தில் வேரூன்றியவர்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குக் கடல் வெறும் சொல்லாகிவிட்டது.

எங்கள் வீட்டில் அது வெறும் சொல்லும் அல்ல. பேசக்கூடாத ஒரு சொல்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும், 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் பற்றி நான் பத்திரிகையில் எழுதிக் களைத்துவிட்டேன். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு பிரதமர்கள் பிரித்துக்கொண்டார்கள். எஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பங்கிட்டார்கள். கட்டுரைகளில் நான் எழுதாத கணக்கு ஒன்றுண்டு. எங்கள் தாய்மாமன் இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். அப்பா இலங்கைக்கு விண்ணப்பித்தார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் இருந்த அண்ணனும் தங்கையும் இரண்டு நாட்டவரானார்கள். 1973இல் மாமாவின் குடும்பம் புறப்பட்டது. இரத்தினபுரியில் சின்ன ரயிலேறி, கொழும்பில் மாறி, தலைமன்னார் போய்ச் சேர வேண்டும். களனிப் பள்ளத்தாக்குப் பாதையில் அந்தக் குறுகிய ரயில் அப்போது இரத்தினபுரிக்கு ஓடிக்கொண்டிருந்தது. 1976இல்தான் அவிசாவளைக்கு மேற்பட்ட பகுதியை மூடினார்கள். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு அப்படி ஆள் ஏற்றிப்போன ரயிலுக்கு எங்கள் சனங்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி.

அம்மாவும் அப்பாவும் வழியனுப்பத் தலைமன்னார் வரைக்கும் போனார்கள். அக்காவுக்குப் பத்து வயது. அவளையும் கூட்டிப்போவதாக இருந்தது. புதுப் பாவாடைகூடத் தைத்தாகிவிட்டது. புறப்படுகிற அன்று எனக்குக் காய்ச்சல். மூன்று வயதுப் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். அக்காவை விட்டுவிட்டுப் போனார்கள்.

நான்கு நாள் கழித்து அம்மா திரும்பி வந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, கடல் எப்படியம்மா இருந்தது என்பது. அம்மா சொன்ன பதிலை அக்கா இந்த வயதிலும் அம்மாவின் குரலிலேயே சொல்வாள்: "நான் எங்கடி கடலப் பாத்தேன்? ஒங்க மாமன் நின்ன எடத்தத்தானே பாத்துக்கிட்டு நின்னேன்."

மாமா கூடலூர்ப் பக்கம் தாயகம் திரும்பியோருக்கான தேயிலைத் தோட்டமொன்றில் குடியேறினார். சில கடிதங்கள் வந்தன. 1977 ஓகஸ்ட் கலவரத்தில் எங்கள் லயம் எரிந்தபோது கடிதங்களும் முகவரியும் சேர்ந்து எரிந்தன. பல ஆண்டுகளுக்குப் பிறகு பிள்ளைகள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து, இப்போது வட்ஸ்அப்பில் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறார்கள். அதற்கிடையில் மாமாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

பொங்கல் முடிந்து கொழும்புக்குத் திரும்பும்போது அக்காவிடம் சொன்னேன், "அடுத்த மாதம் வருகிறேன். கடல் பார்க்கப் போவோம்." அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஒரேயொரு நிபந்தனை வைத்தாள். "சனம் இல்லாத எடமாப் பாரு. நான் வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிறத நாலு பேரு பாத்துச் சிரிக்கக்கூடாது."

காலிமுகத்திடல் அப்போதே அடிபட்டுப்போயிற்று. பட்டமும் இறால் வடையும் தேனிலவுக்காரர்களுமாக அங்கே எந்நேரமும் திருவிழாதான். நான் தேர்ந்தெடுத்தது காலிக்கு அருகே ரூமஸ்ஸலக் குன்றின் அடியில், காட்டுக்கும் கடலுக்கும் இடையில் ஒளிந்திருக்கும் சிறு குடாவை. சுற்றுலாக்காரர்கள் அதை ஜங்கிள் பீச் என்பார்கள். தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, இறக்குவானையிலிருந்து தெனியாய, அக்குரஸ்ஸ வழியாகக் காலிக்கு நேர்ப்பாதை உண்டு. மற்றதை அக்காவிடம் சொல்லவில்லை; பிறகு சொல்கிறேன்.

பெப்ரவரி நடுப்பகுதியில் புறப்பட்டோம். அக்கா தேர்ச்சேலையைக் கட்டிக்கொண்டு, வெற்றிலைப் பையும் ஒரு போத்தல் தேநீருமாக வந்தாள். இறக்குவானையைத் தாண்டியதும் பாதை புளுத்தொட்டைக் கணவாயின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்குகிறது. உச்சியை நெருங்கினால் சூரியகந்தை. 1994இல் அங்கே ஒரு மனிதப் புதைகுழி தோண்டப்பட்டபோது நான் பேராதனையில் கலைப்பீட மாணவன். எம்பிலிப்பிட்டியப் பாடசாலை மாணவர்கள் 1989, 1990இல் கடத்திச் செல்லப்பட்டுக் காணாமற்போன கதை அந்தக் குழியோடுதான் நாடு முழுவதும் பேசப்பட்டது. அந்த வளைவில் பேருந்தில் யாரும் எதுவும் பேசவில்லை, பாட்டுத்தான் ஓடியது. தெனியாயவில் ஒரு பேருந்து மாறி, அக்குரஸ்ஸவில் இன்னொன்று மாறி, காலிக்கு வந்துசேர்ந்தபோது இருட்டிவிட்டது. அன்றிரவு நகரத்துக்கு உள்ளே, கடல் தெரியாத பக்கத்தில், பழைய பத்திரிகை நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கினோம். நண்பரின் மனைவி சிங்களத்தவர். அக்காவின் தோட்டத்துச் சிங்களத்தில் இருவரும் பத்து மணி வரைக்கும் பலாக்காய்க் கறியைப் பற்றிப் பேசினார்கள்.

காலையில் ஓட்டோ பிடித்தோம். மாத்தறை வீதியில் ஓர் இடத்தில் வலப்பக்கம் கடல் எட்டிப் பார்க்கிறது. "அக்கா, அந்தா" என்றேன். அவள் சட்டென்று தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். "இப்பக் காட்டாத. ஓடுற வண்டியில இருந்து பாக்க வேணாம். கிட்டப் போயே பாக்குறேன்." ஓட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். நான் ஒன்றும் விளக்கவில்லை.

ரூமஸ்ஸல, காலித் துறைமுகத்தின் கிழக்குக் கரையில் கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் பாறைக் குன்று. இராமாயணக் கதையில் அனுமன் மூலிகை மலையைப் பெயர்த்துவரும்போது அதிலிருந்து உதிர்ந்த ஒரு துண்டுதான் இது என்பது உள்ளூர் நம்பிக்கை. பக்கத்து ஊரான உணவட்டுனவின் பெயருக்கே 'அதோ விழுந்தது' என்று பொருள் சொல்கிறார்கள். ரிட்டிகலையிலும் தொலுகந்தையிலும் இதே கதையைக் கேட்டிருக்கிறேன். அனுமன் வழியெங்கும் சிந்திக்கொண்டே போயிருக்க வேண்டும். கதை எப்படியிருந்தாலும் குன்றில் மூலிகைகள் உண்டு, கருங்குரங்குகளும் உண்டு. 2003இல் இதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். உச்சிக்கு அருகில் ஜப்பானியப் பௌத்த துறவிகள் 2005இல் கட்டி முடித்த வெள்ளைச் சமாதானத் தாதுகோபம் இருக்கிறது. அதன் மேடையில் நின்றால் எதிரே வளைகுடாவுக்கு அப்பால் காலிக் கோட்டையும் வெளிச்ச வீடும் தெரியும்.

அந்த மேடையிலிருந்துதான் அக்கா முதன்முதலில் கடலைப் பார்த்தாள். கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற அவளுடைய திட்டத்தைக் குன்று கெடுத்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தவள் விளிம்புக்கு வந்ததும் நின்றுவிட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செய்தியாளன் புத்தி பார்க்கத்தான் தூண்டியது, அடக்கிக்கொண்டேன். சற்று நேரம் கழித்து அவள் சொன்னாள்: "வெள்ளன மேமலைக்கு ஏறிப்போனா கீழ பள்ளம் பூராவும் மேகம் எறங்கிக் கெடக்குமே, அது மாதிரில்ல இருக்கு. வெயில் வந்தும் கலையாத மேகம்."

நான் முப்பது ஆண்டுகளாகக் கரையோரச் செய்திகள் எழுதுகிறவன். இப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை.

தாதுகோபத்திலிருந்து பாதையோரமாகச் சற்று இறங்கினால் குடாவுக்குப் போகும் ஒற்றையடித் தடம் தொடங்குகிறது. செங்குத்தான இறக்கம். ஓரிடத்தில் மண், ஓரிடத்தில் பாறை, பல இடங்களில் மரவேர்களே படிகள். ஒரு பக்கம் அடர்ந்த புதர், மறு பக்கம் இலைகளுக்கிடையில் கடல். இடைக்கிடை யாரோ கயிறு கட்டியிருந்தார்கள். அக்காவின் முழங்கால் வலி எனக்குத் தெரியும். "மெதுவாக என் கையைப் பிடித்துக்கொண்டு வா" என்று கையை நீட்டினேன். அந்த நீட்டிய கையோடுதான் விழுந்தேன். அலுவலகச் சப்பாத்து, வழுவழுப்பான அடி. காய்ந்த இலையில் வைத்த கால் இழுத்துக்கொண்டு போய், ஐந்தாறு அடி சறுக்கி, ஒரு வேரைப் பிடித்து நின்றேன். உள்ளங்கையில் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது.

அக்கா சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றி வெற்றிலைப் பைக்குள் செருகினாள். சேலையை முழங்காலளவுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டாள். உடம்பைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி, குதிகாலை முதலில் ஊன்றி, பிறகு விரல்களால் மண்ணைப் பற்றி, அடுத்த காலை எடுத்தாள். ஒரு கை எப்போதும் ஏதாவதொரு மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த நடையை நான் சிறுவயதில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், பார்த்தோம் என்ற நினைவே இல்லாமல். இருள் பிரியுமுன் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். ஆகவே அரை இருட்டில், நெற்றியில் விளக்கோடு, ஒரு கையில் கத்தியும் மறு கையில் வாளியுமாக, இந்தச் சரிவைப்போன்ற சரிவுகளில் நாளொன்றுக்கு முந்நூறு மரம்வரை வெட்டியவள். மழைக்குப் பிந்திய செம்மண்ணில் வாளிப் பாலைச் சிந்தாமல் ஸ்டோருக்குக் கொண்டுவந்து நிறுக்கவேண்டும். சிந்தினால் பேர் அரைப்பேராகும். அப்படி நடந்து பழகிய கால்களுக்கு நான் கை கொடுக்கப்போயிருக்கிறேன்.

"பின்னாலேயே வா தம்பி. நான் வைக்கிற எடத்துல கால வை."

மூன்று வயதில் காய்ச்சலோடு என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள். அப்படியே செய்தேன்.

குடாவைப் பற்றி அதிகம் எழுதினால் மிகையாகிவிடும். சிறிய இடந்தான். இருபக்கமும் பாறை, மேலே கவிந்த மரங்கள், நடுவில் ஒரு பிடி மணல். திறந்த சமுத்திரத்தைப் பாராமல் துறைமுகப் பக்கம் முகம் திருப்பியிருப்பதால் அலை அடங்கியே இருக்கும். வடகீழ்ப் பருவத்தில் குளம்போலக் கிடக்கும். நீருக்கடியில் பவளப் பாறைத்தொடர் ஒன்று உண்டு. 1998இல் கடல் சூடேறி இலங்கையின் பவளப் பாறைகள் பரவலாக வெளிறிப்போனபோது இதுவும் தப்பவில்லை. ஒதுக்குப்புறமான கடற்கரை என்று வழிகாட்டி நூல்கள் எழுதி எழுதியே ஒதுக்குப்புறத்தைக் கெடுத்துவிட்டன. சாப்பாட்டுக் கடை வந்துவிட்டது, சாய்வு நாற்காலிகள் வந்துவிட்டன, வேர்களுக்கிடையில் வெற்றுப் போத்தல்களும் வந்துவிட்டன. வார நாள், காலை ஒன்பது மணி என்பதால் நல்லவேளையாக ஆளில்லை. கடைப் பையன் ஒருவன் மணலைப் பெருக்கிக்கொண்டிருந்தான். தூரத்தில் ஒரு வெளிநாட்டுச் சோடி குப்புறக் கிடந்தது. அக்கா அந்தத் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மரவேரில் உட்கார்ந்தாள்.

அலை வந்து, மணலில் நுரையை விட்டு, போயிற்று.

"டீவியில அந்தக் கத்துக் கத்துச்சு. இது ஒண்ணும் சத்தமே போடலியே" என்றாள். குரலில் ஏமாற்றமா நிம்மதியா என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெற்றிலை மடித்தாள். மென்று முடித்ததும் துப்புவதற்கு எழுந்து, கடலை விட்டு விலகிப் புதர்வரைக்கும் நடந்து போய்த் துப்பிவிட்டு வந்தாள். பிறகு நீரில் இறங்கினாள். கணுக்கால், முழங்கால். குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து முகம் சுளித்தாள். கரையில் ஒதுங்கியிருந்த நுரையை விரலால் நிமிண்டி, "அசிட்டு ஊத்துன பால் மாதிரி" என்றாள்.

"நீ வரலியா?"

இங்கேதான் அந்த இரண்டாவது காரணத்தைச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26, பௌர்ணமி தினம். மறுநாள் காலையிலேயே என்னைக் காலிக்கு அனுப்பினார்கள். வழியில் பெரலியவில், ரயில் கிடந்த இடத்தில் நின்றேன். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த ஒரு ரயிலோடு போனார்கள். பிறகு காலி பேருந்து நிலையம், பிறகு கராப்பிட்டிய வைத்தியசாலை. அங்கே சுவரில், அடையாளம் காணப்படாதவர்களின் ஒளிப்படங்களை ஒட்டியிருந்தார்கள். அந்தச் சுவரின் முன்னால் நின்றவர்களிடம் பெயரும் ஊரும் கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் என் வேலை. நான்கு நாட்கள் அதைச் செய்தேன். அந்த அறிக்கைகளுக்காக என்னைப் பாராட்டினார்கள். அதன்பிறகு நான் கடலில் கால் வைத்ததில்லை. பயம் என்று சொல்லமாட்டேன். கரைக்குப் போனால் அலையைப் பார்க்க மனம் மறுத்து, கரையில் நிற்கும் முகங்களை எண்ணத் தொடங்கிவிடும். காலிக்கு மீண்டும் வர வேண்டும், அதற்கு ஒரு சாக்கு வேண்டும் என்று இருபது ஆண்டுகளாக நினைத்திருந்தேன். அக்காவுக்குக் கடல் காட்டுகிறேன் என்று சொல்லி அவளை அந்தச் சாக்காக்கிக்கொண்டேன்.

அக்காவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "கையில் காயம், உப்பு பட்டால் எரியும்" என்றேன்.

"கையிலதானே காயம்? கால நனைக்கிறதுக்கு என்ன?"

பதிலில்லை. சப்பாத்தைக் கழற்றினேன். காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். நீர் வெதுவெதுப்பாக இருந்தது. கரையில் நிற்பவர்களை எண்ண மனம் திரும்பியது. கடைப் பையனையும் சேர்த்து மூன்று பேர். நான்காவது ஆள் என் பக்கத்தில் நீரில் நின்றபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தியா எந்தப் பக்கட்டு இருக்கு?" என்றாள்.

எதிரே தெரிந்த காலிக் கோட்டையைக் காட்டி, அது மேற்கு, இந்தியா வடக்கே, நமக்கு வலப்பக்கம், வெகுதூரத்தில் என்று விளக்கினேன். தெற்கே போனால் பனிக்கண்டம் வரைக்கும் தண்ணீர்தான் என்றேன். பத்திரிகைக்காரன் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டான். எதிரிலுள்ள இந்தக் காலியில்தான் 1911இல், வடிகாலை மூடிக்கிடந்த ஒரு கல்லில் சீனமும் தமிழும் பாரசீகமும் எழுதியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சீனத்து அட்மிரல் செங் ஹோ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டு என்று பொறித்த கல் அது. அதிலுள்ள தமிழ், தென்திசைக் கோடியில் தேவந்துறையில் கோயில்கொண்ட தென்னாவரை நாயனாரைப் போற்றுகிறது. இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது, அதாவது இந்தக் கடலுக்கு நம் மொழி அறுநூறு ஆண்டுகளாகத் தெரியும் என்று சொல்லி முடித்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப மாமா போனது இந்தக் கடல் இல்ல."

"இல்லை. அது தலைமன்னார். ஆனால் அக்கா, தண்ணீர் எல்லாம் ஒன்றுதான். அங்கேயிருக்கும் தண்ணீர்தான் சுற்றிக்கொண்டு இங்கேயும் வருகிறது."

அழகாகச் சொல்லிவிட்டதாக நினைத்தேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"அது எப்புடிடா? ஆறு ஒண்ணுன்னாலும் நாம குளிக்கிற தொறை வேற, அவங்க குளிக்கிற தொறை வேற. அம்மா நின்ன தொறை இது இல்லியே."

இந்தப் பயணத்துக்காக விடுமுறை எடுத்து, திட்டமிட்டு, அவளை நூறு கிலோமீற்றருக்கு மேல் கூட்டிவந்து, கடைசியில் தவறான கடலைக் காட்டியிருக்கிறேன் என்பது அப்போது எனக்கு விளங்கியது. அவளுக்கு வருத்தமில்லை. கடல் எப்படியிருக்கும் என்பது தெரிந்துவிட்டது, அது நல்லதுதான் என்ற தோரணையில் மேலும் அரை மணிநேரம் நீரில் நின்றாள். கருங்குரங்கு ஒன்று கிளை தாவியபோது அண்ணாந்து பார்த்தாள். கரையில் கிடந்த வெற்றுப் போத்தல்களில் நான்கைந்தைப் பொறுக்கி ஒரு பையில் கட்டினாள். சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பாலைக்கூட விடாமல் பிய்த்தெடுத்துச் சேர்த்த கை சும்மா இராது. கடைப் பையனுக்கு வெட்கமாகிவிட்டது போலும், ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டான். தேநீர் தந்தான். காசு வாங்க மறுத்தான்.

ஏற்றம் இறக்கத்தைவிடச் சுலபம். அக்கா முன்னால், நான் பின்னால். சப்பாத்தை நான் அணியவில்லை. கையில் தூக்கிக்கொண்டே ஏறினேன். பாதித் தூரத்தில் அவள் ஒரு மரத்தைப் பிடித்து நின்று, பட்டையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். என்ன மரம் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. "பால் மரம் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே நடந்தாள்.

திரும்பும் பேருந்தில் அக்குரஸ்ஸ தாண்டும்வரைக்கும் தூங்கினாள். தெனியாயவில் கண் விழித்ததும் கேட்டாள்: "தலைமன்னாருக்கு இப்ப ரயில் போவுதா?"

போரில் அழிந்துபோன பாதையை 2015இல் மீளத் திறந்தார்கள், செய்தி சேகரிக்க நான் போயிருந்தேன் என்றேன்.

"கப்பல்?"

"எண்பதுகளோடு நின்றுபோயிற்று."

"ஏறுற பாலம்?"

"துருப்பிடித்துக்கொண்டு நிற்கிறது."

"நிக்குதுல்ல" என்றாள். சற்று நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்து புளுத்தொட்டை வளைவுகளில் இறங்கத் தொடங்கியிருந்தது. "சித்திர வருசத்துக்குப் பிள்ளைகளுக்கு லீவு வரும். அப்பப் போவம். நீ அந்தச் சப்பாத்தப் போட்டுக்கிட்டு வராத."